எச்சம் எதற்குச் சான்று?

புள்ளியியலில் எச்சம் என்பது ஒரு கழித்தலின் விடை. அளந்து பெற்ற மதிப்பிலிருந்து, அதற்கெனப் பொருத்திய மாதிரி தரும் மதிப்பைக் கழித்தால் கிடைப்பது அது. ஒரு தொட்டியின் நீர்மட்டம் 1, 2, 3 மணிக்கு முறையே 2, 3, 7 அங்குலம் என்று பதிவாகியிருப்பதாகக் கொண்டால், மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தும் நேர்கோடு அந்த நேரங்களுக்கு 1.5, 4, 6.5 என்று சொல்லும். எச்சங்கள் 0.5, −1, 0.5. கூட்டினால் பூச்சியம். கோடு நன்றாகப் பொருந்தியதற்கு இதை அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. இந்த முறையில் வழக்கமான நேர்கோட்டைப் பொருத்தினால், தரவு எதுவாக இருந்தாலும் எச்சங்களின் கூடுதல் பூச்சியமாகத்தான் வரும். அதே மூன்று புள்ளிகள் வழியாக ஓர் இருபடி வளைகோட்டை இழுத்தால் எச்சமே இருக்காது. ஆனால் நீர்மட்டம் ஏன் அப்படி ஏறியது என்பது பற்றி அதனால் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடாது.

பிழை வேறு, எச்சம் வேறு. பிழை என்பது உண்மையான உறவிலிருந்து அளவீடு விலகிய தூரம். உண்மையான உறவு கைவசம் இல்லாததால் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எச்சம் நாம் வரைந்த கோட்டிலிருந்து விலகிய தூரம். அதைத் தாளில் எழுதிக்காட்டலாம். கோட்டை மாற்றினால் எச்சமும் மாறும். ஆகவே எச்சம் பொருளின் குணம் மட்டும் அன்று, கழித்தவரின் கணக்கும் அதில் கலந்திருக்கிறது. அன்றாடப் பேச்சில் இந்த நுட்பம் இல்லை. செலவு போக மிச்சம் என்றால் அது கையில் நிற்கும் பணம். பானையில் மீதி என்றால் அது சோறு. யார் கழித்தாலும் அது அங்கேதான் இருக்கும். வரவு செலவு ஒத்துவராமல் ‘கணக்கு உதைக்கிறது’ என்று சொல்லும்போதுதான் பேச்சுவழக்கு புள்ளியியலுக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே மிஞ்சிய தொகை, எங்கோ ஏதோ எழுதாமல் விடுபட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

மிஞ்சியதை வைத்துப் புதிய பொருள் ஒன்று உண்டென்று சொல்லலாமா என்ற கேள்வியை இந்தியத் தர்க்கம் மிகப் பழங்காலத்திலேயே எடுத்துக்கொண்டது. நியாய சூத்திரம் கூறும் மூன்று வகை அனுமானங்களில் ஒன்று சேஷவத். அதற்கு உரையெழுதிய வாத்ஸ்யாயனர் அதைப் பரிசேடம் என்று விளக்கி, ஒலியை எடுத்துக்காட்டாக வைக்கிறார். ஒலி திரவியமா, குணமா, கருமமா? திரவியம் அன்று, கருமமும் அன்று என்று காரணம் காட்டி விலக்கியபின் எஞ்சுவது குணம். எனவே ஒலி ஒரு குணம். தமிழில் அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார், அறியும் வழிகளான அளவைகளை எண்ணும்போது இதை ஒழிபு என்ற பெயரில் சேர்க்கிறது. போரிட்ட இருவரில் இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என்று அறிவது இதற்கு வழக்கமாகத் தரப்படும் உதாரணம்.

வாத்ஸ்யாயனரின் விளக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. இருக்கக்கூடும் என்று தோன்றியவை விலக்கப்பட வேண்டும். வேறெதற்கும் அங்கே இடமில்லை என்பதும் உறுதியாக வேண்டும். முதலாவது உழைப்பால் முடியும். இரண்டாவதில்தான் எல்லாச் சிக்கலும். போரில் இருவர்தாம் என்பது முன்பே தெரியும், அதனால் இராவணன் உதாரணம் சறுக்காது. உலகத்தில் எத்தனை வகைப் பொருள்கள் உள்ளன என்ற பட்டியலோ யாரிடமும் முழுமையாக இல்லை.

பட்டியல் முழுமையடையாதபோது என்ன ஆகும் என்பதை வானியலாளர் லெவெரியே இருமுறை காட்டினார். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ், 1821இல் புவார் வெளியிட்ட அட்டவணைப்படி ஓடவில்லை. தெரிந்த கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கழித்தபின்பும் விலகல் மிஞ்சியது. அதற்குக் காரணம் வெளியே உள்ள இன்னொரு கோள் என்று கொண்டு லெவெரியே அதன் இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பி, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். 1859இல் அதே லெவெரியே புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 38 வில்விநாடி எச்சம் இருப்பதை அறிவித்தார்; பின்னர் அது 43 என்று திருத்தப்பட்டது. காரணம், சூரியனுக்கு அருகில் உள்ள காணாத பொருள் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கோள்தான் அகப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்தே அந்த 43 வில்விநாடியைப் பெற்றார். முதல் தடவை பட்டியலில் ஒரு பொருள் குறைந்தது. இரண்டாம் தடவை கழித்த விதியே பிசகு. எச்சத்தின் முகத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடிந்திருக்காது.

எச்சத்தைக் கையாள்வதில் வேதியியலாளர் ஹென்றி கேவண்டிஷ் நிதானக்காரர். 1785இல் அவர் காற்றுடன் ஆக்சிஜனைக் கலந்து மின்பொறி பாய்ச்சி, உண்டான சேர்மத்தைக் காரக் கரைசலில் உறிஞ்சவிட்டு, மிகுந்த ஆக்சிஜனையும் நீக்கினார். கடைசியில் ஒரு சிறு குமிழி கரையாமல் நின்றது. தொடக்கத்தில் இருந்த நைட்ரஜனில் அது 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதி வைத்தாரே தவிர, புதிய வாயு என்று கொண்டாடவில்லை. நூறாண்டுக்குப் பிறகு ரேலே பிரபு காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து எடுத்ததைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதைக் கண்டார். அவரும் ராம்சேயும் 1894இல் அந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஆர்கான் வாயுவைப் பிரித்தெடுத்தார்கள். ஆர்கானை நம்பவைத்தது எடை வித்தியாசம் மட்டும் அன்று. வேறெந்தத் தனிமத்துக்கும் இல்லாத நிறமாலைக் கோடுகள் அதற்கு இருந்தன. எச்சம் தேடச் சொன்னது, சாட்சி வேறு இடத்திலிருந்து வந்தது. நெப்டியூனுக்குத் தொலைநோக்கி இருந்தது போல. வல்கனுக்கு அப்படியொரு சாட்சி நிலைக்கவில்லை.

எச்சத்துக்கும் சாட்சிக்கும் உள்ள இந்த வேறுபாடு சமயத் துறையில் கூர்மையாகிறது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சேரும் ஒழுங்கின்மை மிகுந்து, ஒரு காலத்தில் அமைப்பையே திருத்தியாக வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். அந்தத் திருத்தத்தை இறைவன் கையில் விட்டார். வியாழன், சனி ஆகியவற்றின் ஓட்டத்தில் ஒரு போக்காகத் தெரிந்த மாற்றம், நெடுங்கால ஏற்ற இறக்கமே என்று 1780களில் லாப்லாஸ் காட்டியபோது, அந்த எச்சத்தின் பெரும்பகுதி கரைந்தது. அதோடு இறைவனுக்கு ஒதுக்கிய வேலையும் குறைந்தது. பழுது கடவுளுடையதன்று, அவரை எச்சத்தில் குடிவைத்தவர்களுடையது. 1944இல் நாஜிச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர், அறிவின் குறையை அடைக்கும் பொருளாகக் கடவுளை வைத்தால் அறிவு வளரவளர அவர் பின்வாங்கிக்கொண்டே போவார் என்று எச்சரித்தார்.

ஆன்மாவுக்கு நியாய மரபு காட்டும் வாதமும் இதே வடிவம்தான். விருப்பு, வெறுப்பு, அறிவு ஆகியவை குணங்கள், குணத்துக்கு ஒரு திரவியம் வேண்டும், உடலோ பொறிகளோ மனமோ அதுவாக இயலாது, எஞ்சுவது ஆன்மா. பௌத்தர் இதில் கழித்தலைக் குறை சொல்வதோடு நிற்கவில்லை. குணத்துக்குத் தாங்கும் பொருள் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற தொடக்கத்தையே மறுத்தார்கள். விதி தவறென்றால் எச்சமும் போகும். புதனுக்கு நடந்தது அதுதான்.

சித்தியார் அளவைகள் பத்தையும் எண்ணிவிட்டு, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. ஒழிபு அங்கே கருதலுக்குள், அதாவது அனுமானத்துக்குள், போய்விடுகிறது. ஆகையால் கருதலுக்கு உள்ள கட்டுப்பாடெல்லாம் அதற்கும் உண்டு. சைவ சித்தாந்தம் இறைவனை நிறுவ ஒழிபை நம்பி இருக்கவும் இல்லை. சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம், உலகம் முழுவதும் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்கிறது. விளங்காமல் மிஞ்சிய பகுதியை அது தேடவில்லை, விளங்கிய பகுதியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இந்த வாதத்தையும் மறுக்கலாம், மறுத்தவர்களும் உண்டு. ஆனால் மறுப்பு, உலகம் முழுவதையும் ஒரு காரியமாக எண்ணுவது சரியா என்ற இடத்தில் எழ வேண்டும். புதிய கோளோ புதிய வாயுவோ கிடைத்தது என்பதால் அந்த வழக்கு தீராது.