பூனைக்குட்டியின் சாவும் வினைக்கொள்கையும்

உயிர்கள் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் வினைப்பயனே என்பது சைவசித்தாந்தத் துணிபு. இதன்கண் நமக்கு ஐயமில்லை. ஆயினும், இவ்வுண்மையை எவரிடத்து எதன்பொருட்டு எடுத்துரைக்கின்றோம் என்பதில் நம்மனோர் பலகாலும் பிழைபடுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் அண்மையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இதனை ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று.

உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டமுடைய சைவ அன்பரொருவர், தம் மகளுக்காக மெயின் கூன் என்னும் அயல்நாட்டுச் சாதிப் பூனைக்குட்டி ஒன்றை வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கினார். நீண்ட மயிரும் சாமரை போன்ற வாலும் உடைய அக்குட்டி சிறுமியின் பாயிலேயே உறங்கும். அவள் பள்ளியினின்று மீளும் நேரமறிந்து வாயிற்படியிற் காத்திருக்கும். பத்துத் திங்கள் நிரம்பிய காலத்து, ஒருநாள் வைகறையில் அது கதறி வீழ்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் குளிர்ந்து மரத்தன, வாய்திறந்து மூச்செறிந்தது. தேனிக்குக் கொண்டுசென்று கால்நடை மருத்துவரிடம் காட்டினர். இதயத்தசை தடித்துள்ளதென்றும், இந்நோய் பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவதென்றும் அவர் கூறினார். அன்று மாலையே அது உயிர்நீத்தது.

துக்கம் விசாரிக்க வந்தோருள் முதியவரொருவர், "அதன் வினை அவ்வளவுதான் தாயி, அழாதே" என்றார். "பத்து மாதக் குட்டி என்ன வினை செய்தது, தாத்தா?" என்று சிறுமி வினவினாள். "முற்பிறப்பிற் செய்திருக்கும்" என விடை வந்தது. அவள் அதன்மேற் பேசவில்லை. நான்காம் நாள், குட்டியை விற்றவர், "எல்லாம் விதி, அதே தாய் ஈன்ற வேறொரு குட்டியைத் தருகின்றேன்" என்று சொல்லியனுப்பினார். முதியவர் தேற்றுதற்குக் கூறிய அதனையே, இவர் தம் பொறுப்பை நீக்கிக்கொள்ளுதற்குக் கூறினார். இவ்விரண்டும் நூற்கருத்துக்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். இந்நோயில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். அறை குறுகிக் குருதி செவ்வனே நிரம்பாது. அதனால் நுரையீரலில் நீர் கோத்தலும், மேலறையில் உறைந்த குருதிக்கட்டி சென்று பின்னங்கால்களுக்குச் செல்லும் குழாயை அடைத்தலும் நிகழும். பூனைகட்கு வரும் இதயநோய்களுள் மிகுதியும் காணப்படுவது இதுவே. நாட்டுப் பூனைகளும் இதற்கு விலக்கல்ல. மெயின் கூன் சாதியில் இதற்குக் காரணமான மரபணுப் பிழையொன்றை 2005ஆம் ஆண்டிலும், ராக்டால் என்னும் சாதியில் மற்றொன்றை 2007ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மெயின் கூன்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இப்பிழையை உடையன. உடையன யாவும் நோயுறுதலில்லை. எனினும் தாய் தந்தை இருவழியும் பெற்ற குட்டிக்கு இடர் மிகுதி. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் சோதிப்பின் இப்பிழை உண்மை புலனாம்.

இது விலங்குகட்கே உரியதென்று எண்ணற்க. அதே மரபணுவில் வேறொரு பிழை நம் நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவிற்கு உண்டென்பது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்ட ஆராய்ச்சியால் 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அக்குட்டியின் நெஞ்சிலிருந்த குறைக்கு உறவான குறை, இதனைப் படிப்போர் சிலர் நெஞ்சிலும் இருத்தல் கூடும்.

இனி, ஊதியம், இழப்பு, இன்பம், நோய், முதுமை, இறப்பு என்னும் ஆறும் ஓருயிர் கருவடையும்பொழுதே அமைந்துவிடுகின்றன என்பது அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அறிவுறுத்தியது. மரபுநோய் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டேயாம். அற்றேல், குட்டியின் நோய் கருவிலேயே அமைந்ததாகலின் விற்றவர்பாற் குற்றம் யாது எனின், கூறுதும். ஒரே செயல் நுகர்வானுக்குப் பிராரத்தமாதலும் செய்வானுக்கு ஆகாமியமாதலும் உண்டு. முன்னது பின்னதனை அழியாது. வினையால் இறந்தான் என்று கூறிக் கொலைஞனை விடுவார் எவருமிலர்.

திருவாரூரில் மனுநீதிகண்ட சோழன் மகனது தேர்க்காலிற் கன்று மாண்டபோது, அமைச்சர் கழுவாய் கூறித் தேற்றினர், மன்னன் உடன்பட்டிலன். "கன்று தன் வினையால் இறந்தது" என்று கூறுதல் அவனுக்கு எளிதன்றோ? கூறினானல்லன். தன் காவலில் உள்ள உயிர்க்குத் தன்னாலும் தன்னவராலும் வரும் இடருக்குத் தானே கடவன் என்றே துணிந்தான். கன்றின் வினையை ஆராய்தல் இறைவன் செயல். தன் கடனை ஆராய்தலே தன் செயல் என்பதனை அவன் அறிந்திருந்தான்.

அறியாது செய்த காலத்துப் பிழை சிறிது. அறிதற்கு வழியுண்டாகியும் அறியாதிருத்தல் பெரும்பிழை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் குடியானவர் தாய்க்கொடியின் கிளையை வெட்டி நட்டே புதுக்கொடி வளர்ப்பர். நோயுற்ற கொடியினின்று நடுகிளை எடுப்பாரை அறிவுடையோர் என்னார். கொடிக்குக் காட்டும் அக்கருத்தை நெஞ்சுடைய உயிருக்குக் காட்டாதொழிதல் எங்ஙனம் பொருந்தும்? அன்பரும் தம்மை விலக்கிக்கொண்டாரல்லர். "நிறத்தையும் விலையையும் வினவினேன், தாய் தந்தையரின் நலத்தை வினவினேனில்லை. அயலார் வியக்க வேண்டுமென்னும் ஆசையும் எனக்கிருந்தது" என்று எம்மிடம் கூறினார். அவ்வாசையே சந்தையை நடத்துவது.

சிறுமிக்கு உரைத்த விடையோவெனின், அது பொய்யன்று, ஆயினும் நிறைவுடையதன்று. தவத்தோரை இகழ்ந்து சாபமேற்ற பன்னிருவர் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து தாயை இழந்து தவித்தனர் என்பது திருவிளையாடற் புராணம். அவை துன்புற்றது வினையாலேயே. அவ்வினையை ஊட்டும் முதல்வனாகிய சோமசுந்தரக் கடவுள், "உம் வினை" என்று வாளாவிருந்தானல்லன். தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினான். வினையை முற்றும் அறிந்தவனே இரங்குகின்றான். ஒன்றும் அறியாத நாமோ வினையைக் காட்டி இரக்கத்தை ஒழிக்கின்றோம்.

அன்பர் மகளை உத்தமபாளையத்து ஞானாம்பிகை உடனாய காளாத்தீசுவரர் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்டுப் பேறுபெற்றமையாற் காளத்தி என்னும் பெயர் வந்ததென்று உரைத்து, "அழிந்தது உடம்பே, உயிர் அழிவதில்லை. அதற்கு அடுத்த உடம்பைத் தருபவன் இங்குள்ளான். நீ அதற்குச் செய்த அன்பு வீணாகாது; அழுதலும் குற்றமன்று" என்றார். சிறுமி அப்பொழுதுதான் வாய்விட்டு அழுதாள்.

வேறு குட்டி வேண்டாவென்றும், அத்தாயையும் தந்தையையும் சோதிப்பித்து, குறையுளதாயின் இனிச் சேர்த்தலொழிக என்றும், விற்றவருக்கு அன்பர் கடிதம் எழுதினார். விடை இன்னும் வந்திலது. வாராதொழியினும் அக்கடிதம் எழுதற்பாலதே. தனக்கு வந்த துன்பத்தை வினையென்று பொறுத்தலும், பிறவுயிர்க்கு வந்த துன்பத்திற்கு இரங்கித் தன்னாலாவது செய்தலும், அத்துன்பத்தில் தனக்குள்ள பங்கை மறையாது ஒப்புதலுமே வினைக்கொள்கையை உணர்ந்தார்க்கு உரிய ஒழுக்கம் என்பது எம் துணிபு.