அஞ்சுகிறவன் கோழையா?

நண்பர் ஒருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ போய்விடப் போகிறேன் என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "இருதயத்துக்கு ஒன்றுமில்லை, இது பீதிதான்" என்றார் டாக்டர்.

அந்த நல்ல செய்திதான் நண்பருக்கு அவமானமாகப் போயிற்று! மாரடைப்பு என்றால் ஊரே அனுதாபத்தோடு வந்து பார்த்திருக்கும். பயம் என்றதும், "இந்த வயசில் இதென்ன கோழைத்தனம்?" என்று மைத்துனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "தைரியமாக இருங்கள்" என்றேன். அதுவும் அந்தச் சிரிப்பின் மரியாதையான உருவந்தானோ என்று பிறகு தோன்றியது.

தைரியம் என்று எதைச் சொல்கிறோம்?

ஆஸ்திரேலியாவில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துவந்த கிளேர் வீக்ஸ் என்ற பெண்மணிக்கு, இளவயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நோய் இல்லையென்று தெரிந்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அவரை விடவில்லை. முதல் உலக யுத்தத்தில் போரிட்ட நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னார். சிப்பாய்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்றும், படபடப்பைக் கண்டு பயப்படுவதுதான் அதை நீடிக்க வைக்கிறது என்றும் அவர் விளக்கினார். பின்னாளில் டாக்டரான வீக்ஸ், 1962-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அச்சம் இரண்டு என்பது அவர் கண்டது. முதலாவது, உடம்பில் தானாக எழுவது. அதற்கு நாம் பொறுப்பல்ல. இரண்டாவது, 'ஐயோ, இது என்ன?' என்று நாம் சேர்த்துக்கொள்வது. முதல் அச்சம் சில நிமிஷங்களில் உச்சிக்கு ஏறித் தானே இறங்கக்கூடியது. இரண்டாவதுதான் அதற்கு விறகு போடுகிறது. ஆகவே, எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலத்துக்கு விடு என்றார் வீக்ஸ்.

இன்றைய மனநல வைத்தியமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. உடம்பின் படபடப்பை மரணம் என்று தப்பாக வாசிக்கும் மனத்துக்குச் சரியாக வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள். ஒதுக்கிய இடங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமாகப் போகச் சொல்கிறார்கள். தேவையானால் மருந்தும் உண்டு. கல்யாண வீட்டை ஒதுக்கியவன் அடுத்துக் கடைவீதியை ஒதுக்குவான், பிறகு பஸ்ஸை, கடைசியில் வாசற்படியே எல்லையாகிவிடும். "நீங்கள் வரவேண்டாம், நான் போய்விட்டு வருகிறேன்" என்று அன்போடு சொல்லும் மனைவியும், அறியாமலே அந்தச் சிறைக்கு ஒரு செங்கல் எடுத்து வைக்கிறாள்.

எதிர்த்து நிற்பதே வீரம் என்று பழகிவிட்டோம். இங்கே எதிர்த்தாலும் தோல்வி, ஓடினாலும் தோல்வி. நடுங்கிக்கொண்டே, நடுக்கத்தை விரட்டாமல், இருந்த இடத்தில் இருப்பதுதான் வெற்றி. அஞ்சாதவனுக்கு இந்த வீரம் தேவையே இல்லை. அஞ்சுகிறவனுக்கே அது வாய்க்கும்.

சில மாத வைத்தியத்துக்குப் பிறகு நண்பர் இன்னொரு கல்யாணத்துக்கு வந்தார். பாயசம் பரிமாறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டதாம். எழுந்திருக்கவில்லை. எதிர் வரிசையில்தான் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு, ஒரு மனிதர் மெதுவாகப் பாயசம் சாப்பிடுவதுதான் தெரிந்திருக்கும்.