தங்கள் கீழ்ப்படிதலுள்ள

வேலைக்கான மனுவை இப்படி முடித்துக் கையெழுத்துப் போடும்போது பொய் சொல்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. காண்ட் தமது 1797-ம் வருஷத்து ஒழுக்கவியல் நூலில் 'தங்கள் பணிவுள்ள சேவகன்' என்ற கடித முடிவை எடுத்துக்கொண்டு, மரியாதைக்குச் சொல்லும் இது பொய்தானா, இதனால் யாரும் ஏமாறுவதில்லையே என்று கேட்கிறார். மற்ற இடங்களில் அத்தனை கறாராக இருப்பவர் இதைக் கேள்வியாகவே விட்டுவிடுகிறார்.

1981-ல் சென்னையில் ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்கு அழைத்தது. பத்து மணிக்கு வரச்சொல்லி மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். ஒருவர் ஃபைல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கம்பெனியில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? சம்பளத்துக்காக என்பது நால்வருக்கும் தெரியும். நான் கம்பெனியின் வளர்ச்சி, அதில் என் பங்கு என்று ஒப்பித்தேன். முதல் நாள் இரவு கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியங்கள். நடுவிலிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் பியூன், "போன வாரமே ஆள் போட்டாச்சு சார்" என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்.

அவர்கள் செய்தது அநியாயம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எனக்குப் பிடிபடாதது என் ஆத்திரம். வேலை கிடைக்காததற்காக அல்ல. கேட்டு வாங்கிய பொய்யை அவர்கள் நம்ப வேண்டாம், காதிலாவது வாங்கியிருக்கலாமே என்று. உண்மையைச் சொல்லி உதாசீனப்பட்டவனுக்கு உண்மையாவது மிஞ்சும்.

சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி'யில் (1970) சித்தார்த்தன், கடந்த பத்தாண்டுகளின் முக்கிய நிகழ்ச்சி எது என்று கேட்டதற்கு, மனிதன் நிலவில் இறங்கியதைச் சொல்லாமல் வியட்நாம் யுத்தத்தைச் சொல்கிறான். அந்த வேலை கிடைப்பதில்லை. இன்னொரு இன்டர்வியூவில், புழுக்கத்தில் காத்திருக்கும் ஒருவன் மயங்கி விழுகிறான். கடைசியில் சித்தார்த்தன் உள்ளே புகுந்து மேஜையைக் கவிழ்க்கிறான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் பியூனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினவன்.

காண்ட் அதே பகுதியில் பொய்யைப் பிறருக்கு இழைக்கும் கேடாக அல்ல, சொல்கிறவன் தனக்கே செய்துகொள்ளும் அவமதிப்பாகப் பேசுகிறார். ரொம்ப நாள் இது எனக்கு மிகையாகப் பட்டது. இப்போது பாதி ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி முன் நின்றது நான்தான். ஆனால் சம்பளம் வேண்டியவனை நிற்கவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் பங்கு எந்தக் கணக்கில் சேரும்? மொத்தத்தையும் என் தலையில் எழுத எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த வாரம் வேறொரு கம்பெனிக்கு மனு டைப் அடித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் அதையும் அடித்து, கார்பன் பிரதியை எடுத்து வைத்தேன்.