அறிவித்தலும் அறிதலும்

அறியாமை குற்றமாகுமா என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழைமையானது. தன் செயலின் சூழ்நிலையை அறிய வழியின்றித் தவறிழைத்தவன் இரக்கத்துக்குரியவன் என்பதும், அறிந்திருக்க வேண்டியதை அறியாதிருந்தவன் கண்டனத்துக்குரியவன் என்பதும் பெரும்பாலும் எல்லாச் சமுதாயங்களும் ஏற்றுக்கொண்ட கருத்துக்களாகும். ஆயின், இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நிலையொன்றும் உண்டு. ஒருவனிடம் செய்தி கையளிக்கப்படுகின்றது. அவனும் அதனைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்கின்றான். ஆனால் அச்செய்தி வேண்டப்படும் கணத்தில் அது அவனது உள்ளத்தில் இல்லை. இத்தகையவனை அறிந்தவன் என்பதா, அறியாதவன் என்பதா? தீங்கு நேருமிடத்து அதற்கான பொறுப்பை யார்மீது சுமத்துவது? எழுத்துமூல அறிவித்தல்களால் இயங்கும் நிறுவனங்கள் அனைத்திலும் இவ்வினா எழக்கூடியது. விமானப் போக்குவரத்தில் அது மனித உயிர்களையே பணயமாகக் கொண்டு எழுகின்றது.

விமானமொன்று புறப்படுவதற்கு முன்னர் விமானிகளிடம் பயண ஆவணக் கட்டொன்று வழங்கப்படும். பயணப் பாதை, எரிபொருள், வானிலை ஆகியவை பற்றிய விபரங்களுடன் ‘நோட்டாம்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் விமானிகளுக்கான அறிவித்தல்களும் அதில் அடங்கியிருக்கும். எந்த ஓடுபாதை மூடப்பட்டுள்ளது, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே பாரந்தூக்கியொன்று உயர்ந்து நிற்கின்றது என்பன போன்ற தற்காலிக மாற்றங்களை இவை தெரிவிக்கின்றன. கடலோடிகளுக்கு வழங்கப்பட்ட அறிவித்தல்களை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றிய இவை, தந்தி அச்சுப்பொறிக் காலத்து மரபினைத் தொடர்ந்து, பெரிய எழுத்துக்களிலும் சுருக்கக் குறியீடுகளிலும் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்துள்ளன. ஓடுபாதை மூடப்பட்டிருப்பதும் அதன் அருகே புல் வெட்டப்படுவதும் ஒரே தோற்றமுடைய வரிகளாக அடுத்தடுத்து வருதல் கூடும்.

2017ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், ரொறன்ரோவிலிருந்து வந்த எயார் கனடா 759ஆம் இலக்க விமானம் சன் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை நெருங்கியது. அங்கு ஒன்றுக்கொன்று இணையாக அமைந்த இரு ஓடுபாதைகளுள் இடப்புறத்தது திருத்த வேலைக்காக அன்றிரவு மூடப்பட்டு, அதன் விளக்குகளும் அணைக்கப்பட்டிருந்தன. வழமைபோல் இரண்டு ஓடுபாதைகளை எதிர்பார்த்து வந்த விமானிகள், ஒளியுடன் தெரிந்த வலப்புற ஓடுபாதையை இடப்புறத்தது எனக் கருதினர். அதற்கும் அப்பால், விமானங்கள் ஊர்ந்து செல்வதற்கென அமைந்த பக்கப்பாதையைத் தாம் இறங்கவேண்டிய ஓடுபாதை எனக் கொண்டனர். அப்பாதையிலோ, புறப்படுவதற்காக நான்கு விமானங்கள் வரிசையாகக் காத்து நின்றன. இறங்கி வந்த விமானம் முதல் விமானத்தின் மேலாகச் சென்று, ஏறத்தாழ 60 அடி உயரம்வரை தாழ்ந்து, பின்னரே மீண்டும் மேலெழுந்தது. ஐந்து விமானங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். எவருக்கும் காயமேற்படவில்லை.

ஓடுபாதை மூடப்படும் என்ற அறிவித்தல் அவ்விமானிகளுக்கு வழங்கப்பட்டே இருந்தது. 27 பக்கங்களைக் கொண்ட ஆவணக் கட்டின் 8ஆம் பக்கத்தில் அது காணப்பட்டது. பயணத்தின்போது விமானத்துக்கு அனுப்பப்பட்ட செய்தியொன்றிலும் அது இடம்பெற்றிருந்தது. துணை விமானிக்கு அதனைப் படித்ததாக நினைவில்லை. தலைமை விமானி அதனைக் கண்டதாகக் கூறினார். ஆயினும் தேவைப்பட்ட வேளையில் அது அவரது நினைவுக்கு வரவில்லை. அவ்வேளை அவர் விழித்தெழுந்து 19 மணித்தியாலங்களுக்கு மேலாகிவிட்டிருந்தது. இச்சம்பவத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அறிவித்தல்களை விமானிகள் பயனுறும் வகையில் பரிசீலிக்காமையைக் காரணமாகக் காட்டியது. அதேவேளை, அச்செய்தியின் முக்கியத்துவம் புலப்படும் வகையில் அது முன்வைக்கப்படவில்லை என்பதனையும் சுட்டிக்காட்டியது. 2018இல் நடைபெற்ற சபையின் பகிரங்க அமர்விலே, அதன் தலைவர் றொபேட் சம்வோல்ற் இவ்வறிவித்தல் முறையை எவரும் பொருட்படுத்தாத குப்பை என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார்.

குற்றத்தை நிறுவுதற்கு, ‘அறிவித்தல் கொடுக்கப்பட்டது, ஆகவே அறிந்திருக்க வேண்டும்’ என்னும் வாதம் போதுமானதா? அரிஸ்டோட்டில் தமது ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் அறியாமைக்கான பொறுப்பினை ஆராய்கின்றார். சட்டத்தை அறியாதவனும் தண்டிக்கப்படுகின்றான் என்று கூறும் அவர், அவன் அறிந்திருக்க வேண்டியதாகவும் அறிதற்குக் கடினமல்லாததாகவும் அச்சட்டம் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் சேர்க்கின்றார். இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அறியவேண்டும் என்று ஒருவனைப் பணிக்கின்ற தரப்பு, அவ்வறிவை அவன் எட்டக்கூடிய தூரத்தில் வைக்கவும் கடமைப்பட்டுள்ளது. பல பக்கங்களில் நிறைந்த வரிகளுக்கிடையே ஒரு வரியை வைத்துவிட்டு, அதனைத் தெரிவித்தாயிற்று என்று சொல்பவர் அக்கடமையின் பாதியையே நிறைவேற்றியவராவார்.

அந்நூலின் ஏழாம் பகுதியிலே அறிவை உடைத்தாயிருத்தலும் அதனைப் பயன்படுத்துதலும் வேறுபடுத்தப்படுகின்றன. உறங்குபவனிடம் அறிவு இருக்கின்றது. ஆனால் அது தொழிற்படுவதில்லை. இவ்வேறுபாட்டின் உண்மையை 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் தாய்பே நகர விமான நிலையத்தில் நேர்ந்த விபத்து துயரத்தோடு உணர்த்தியது. சூறாவளியின் காற்றும் மழையும் வீசிய அவ்விரவிலே, சிங்கப்பூர் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் 006ஆம் இலக்க விமானம், வேலைகளுக்காக ஒரு பகுதி மூடப்பட்டிருந்த ஓடுபாதையைத் தனக்குரிய ஓடுபாதை என எண்ணி ஓடி, அங்கிருந்த கட்டுமான இயந்திரங்களுடன் மோதிற்று. விமானத்திலிருந்த 179 பேருள் 83 பேர் உயிரிழந்தனர். அப்பகுதி மூடப்பட்டிருந்ததை விமானிகள் அறிவித்தல் மூலம் ஏற்கெனவே அறிந்திருந்தனர். அறியாத செய்தி அவர்களைக் கொல்லவில்லை. அறிந்த செய்தியை, தாம் நின்ற இடத்தோடு பொருத்திக் காணாமையே அழிவுக்கு வழிகோலிற்று. எனவே, செய்தி கண்ணிற் படுவதோ மனத்திற் பதிவதோ மாத்திரம் அறிதலாகிவிடாது. உரிய இடத்திலும் உரிய கணத்திலும் அது செயலுக்கு வழிகாட்டும்போதே அறிதல் முழுமையடைகின்றது.

இனி, அறிவிக்கும் தரப்பை நோக்குதல் வேண்டும். அறிவித்தல்கள் இவ்வாறு பெருகுவதற்கு நிருவாகக் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. எதனையும் விடாது எழுதிவிட்டால் பின்னர் எக்குற்றச்சாட்டும் தம்மைத் தொடாது என்னும் தற்காப்பு மனப்பான்மையும் அதற்குத் துணைநிற்கின்றது. அவ்வாறு எழுதப்படும் வரி விமானியை நோக்கியதாகத் தோற்றினும், உண்மையில் நாளைய விசாரணையாளனை நோக்கியே எழுதப்படுகின்றது. அதனால் ஆபத்துக் குறைவதில்லை. ஆபத்துக்கான பழி மட்டும் எழுதியவரிடமிருந்து படிப்பவரிடம் இடம்மாறுகின்றது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்காவில் இவ்வறிவித்தல்களை வழங்கும் கணினி முறைமை செயலிழந்தபோது, நாடெங்கும் உள்நாட்டு விமானங்கள் புறப்படுவது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அறிவித்தல்கள் கிடைக்காதபோது விமானங்கள் பறத்தலாகாது என்ற விதியில் நியாயம் உண்டு. ஆனால் அறிவித்தல்கள் கிடைத்தும் அவை எவர் மனத்தையும் எட்டாதபோது விமானங்களை நிறுத்துவதற்கு எந்த விதியும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தெரிந்தெடுத்துக் கூறுபவன், எதனை விடுவது என்று முடிவு செய்யவேண்டியவனாகின்றான். அவன் விட்டுவிட்ட ஒன்றே நாளை விபத்துக்குக் காரணமாயின் என்ன செய்வது? யாவற்றையும் கூறி, தெரிவினை அனுபவமிக்க விமானியிடமே விடுவதன்றோ நேர்மை? இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், தரம்பிரித்தல் என்பது மறைத்தல் ஆகாது. உயிராபத்து விளைவிக்கக்கூடியதை முதற்கண் தனித்து நிறுத்தி, ஏனையவற்றைப் பின்னே வைப்பதனால் எச்செய்தியும் அழிந்துவிடுவதில்லை. அன்றியும், தரம்பிரிக்க மறுப்பவரும் ஒரு தெரிவைச் செய்தே தீருகின்றார். பல மணிநேரம் அமைதியாக இருந்து செய்யத்தக்க வேலையை, புறப்படும் அவசரத்தில் உள்ளவர்மீது சுமத்துவதே அத்தெரிவு. அதற்குரிய பொறுப்பிலிருந்து அவர் விலகிவிட முடியாது.

அவ்வாறாயின் விமானி குற்றமற்றவனாகின்றானா? அதுவுமன்று. சன் பிரான்சிஸ்கோவில் விமானிகள் வேறொன்றையும் செய்யத் தவறியிருந்தனர். ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் வானொலி வழிகாட்டியின் அலைவரிசையைத் தமது கருவியில் அவர்கள் பொருத்தவில்லை. நிறுவனத்தின் நடைமுறை அதனை வேண்டியிருந்தது. அது பொருத்தப்பட்டிருப்பின், கண் ஏமாறினும் கருவி தவறைக் காட்டியிருக்கும். அந்நடைமுறைக் குறிப்பும் எளிதிற் புலப்படும் இடத்தில் அமைந்திருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், இவ்விரு தவறுகளும் ஒரே தன்மையன அல்ல. ஒரு வரியை மறத்தல் மனித இயல்பு. தான் மறக்கக்கூடியவன் என்பதை மறத்தலோ தொழிலறம் சார்ந்த குறை. திருக்குறளின் ‘பொச்சாவாமை’ அதிகாரம், மிக்க மகிழ்ச்சியிலிருந்து பிறக்கும் சோர்வினை ஆளுவோனுக்குரிய பெருங்கேடாகக் கொள்கின்றது. விமானியின் மறதியோ மகிழ்ச்சியிலன்றிக் களைப்பிலும் செய்திப் பெருக்கிலும் பிறப்பது. காரணம் வேறாயினும் காப்பு ஒன்றே: தன்னை முழுதும் நம்பிவிடாதிருத்தல். நினைவு தவறினும் தவறைப் பிடித்து நிறுத்தும் இரண்டாம் காவலைப் பேணுவதே படிப்பவனிடம் நியாயமாகக் கோரத்தக்க கடமை. யாவற்றையும் நினைவில் வைத்திருக்குமாறு கோருவது நியாயமன்று.

ஆகவே, பொறுப்பு என்பது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஒரு தாளோடு மாறிவிடும் பொருளன்று. அறிவிப்பவர், தமது சொல் படிப்பவரின் உள்ளத்தை எட்டியதா என்று வினவும்வரை அவரது கடமை முடிவதில்லை. படிப்பவர், தமது மறதிக்கு அரண் தேடாதவரை அவரது கடமையும் தொடங்குவதில்லை. விபத்தின் பின்னர் “அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்ததா?” என்று மட்டும் கேட்கும் விசாரணை ஒரு குற்றவாளியைக் காணக்கூடும். அச்செய்தியை, அவ்வடிவில், அந்நேரத்தில், களைத்த ஒரு மனிதன் அறிந்துகொள்ளக்கூடியதாயிருந்ததா என்றும் சேர்த்துக் கேட்கும் விசாரணையே அடுத்த விமானத்தில் இருப்பவர்களைக் காக்கவல்லது.