அம்மாயிக்கும் லீவு வேண்டும்

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக்கூடாது என்று இலங்கையில் 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறை விதித்தது. 2022 ஜூனில் அமைச்சரவை அந்த வயதை 2 ஆக இறக்கியது. அது டொலர் வற்றிப்போன வருஷம். காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது: பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கிறதென்று தாய் காட்ட வேண்டும். புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் அந்த ஆள் பெரும்பாலும் அம்மாயி, இல்லையென்றால் அப்பாயி. அவள் லயத்தில் சும்மா இருப்பவளல்ல. கொழுந்து மலையிலோ ரப்பர் பால்வெட்டிலோ நிற்கிறவள். பேரப்பிள்ளைக்காகச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கேட்க அவளுக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. தாயை அனுப்பும்போது பாட்டியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அரசு, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அவளை மறந்துவிடுகிறது. இது அநீதி.

காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. பிந்திப் போய், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பிள்ளைக் காம்பரா இருக்கிறதே என்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு அங்கே விட முடியுமா? தடுப்பூசி போட கிளினிக்குக்கும் காம்பராப் பெண்ணா தூக்கிக்கொண்டு போவாள்? அப்படிப்பட்ட நாளில் அம்மாயி செக்ரோலில் தன் பேரை இழக்கிறாள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது நல்ல காரியந்தான். ஆனால் பாட்டியானபின்னும் பல வருஷம் வேலையில் இருப்பவர்கள் அதனால் கூடினார்கள். அவர்களின் இன்னொரு வேலையை யாரும் யோசிக்கவில்லை.

பிள்ளையின் மதிப்பில் தமிழறம் தடுமாறியதில்லை. வள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் தந்து, அதை அடுத்தே அன்புடைமையை வைத்தார். சற்றுத் தள்ளிச் செய்ந்நன்றி அறிதலையும் அதை ஒட்டி நடுவுநிலைமையையும் வைத்தார். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, எவ்வளவு செல்வம் இருந்தாலும் பிள்ளை இல்லாத வாழ்வு வெறுமை என்றான். பிள்ளையை ஊரின் செல்வமென்று கொண்டால், அதைக் காக்கிறவளின் கூலியை வெட்டுவது நன்றிகெட்ட செயல். செங்கோன்மை பேசிய குறளை மேடையில் சொல்லிக்கொண்டே இதைச் செய்ய முடியாது. பாட்டிக்குச் சம்பள லீவு என்பது புதிதுமல்ல: சுவீடனில் 2024 ஜூலை முதல் பெற்றோர் தம் பங்கிலிருந்து 45 நாள் வரை சம்பள விடுப்பைத் தாத்தா பாட்டிக்கு மாற்றிக் கொடுக்கலாம். தனியாக வளர்ப்பவர் 90 நாள் வரை. அங்கே அது வசதி. தாய் குவைத்தில் இருக்கும் லயத்தில் அதுவே பிள்ளையின் மருந்து, சோறு.

தோட்டக் கம்பனிகளுக்குச் செலவு கூடும் என்பது உண்மை. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம் அந்தப் பாரத்தை முதலாளி தலையில்தான் வைத்தது; இதையும் அப்படியே வைத்தால், வயது போன பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள். அதனால் சுவீடன் போலப் பொதுநிதியிலிருந்து கொடுக்க வேண்டும். 2024இல் வெளிநாட்டில் உழைப்போர் இந்த நாட்டுக்கு அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். போகிறவர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இருக்கிறது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அம்மாயியின் பேருக்குப் போவது தானமல்ல, கூலி. தகப்பன் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு; கேட்கட்டும், அவனுக்கும் லீவு கொடுக்கட்டும். பொய் சொல்லி லீவு எடுப்பார்கள் என்ற பயமோ வீண். பிள்ளையைப் பார்ப்பது யார் என்று பிரதேச செயலகம் தாய் புறப்படும் முன்பே கேட்டு, எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறது. அந்தக் கடுதாசியின் ஒரு பிரதி தோட்ட ஆபிசுக்குப் போனால் போதும்.