சுவரை இடிப்பது யாரை அடிப்பது?

செத்த பிறகு என்னய்யா சாதி என்று கேட்பவர்கள் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்று ஒரே நற்கருணை வாங்கிய கத்தோலிக்கர்களின் பிணங்களை, தலித் என்றும் தலித் அல்லாதார் என்றும் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். பல பத்தாண்டுகள் அது நின்றது. 2010இல் பெரியார் இயக்கத் தோழர்கள் அந்தச் சுவரில் கைவைத்தார்கள். இப்படியான நேரங்களில் தவறாமல் ஒரு கேள்வி கிளம்பும்: அன்பைப் போதித்தவரின் பெயரால் இருக்கிற இடத்தில் சம்மட்டி தூக்கலாமா?

“சுவர் கட்டுனப்போ இந்தக் கேள்வி எங்கய்யா போச்சு?” என்று மடக்கிவிடலாம்தான். மேடையில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் நம்மில் பலர் மலைப்பொழிவை மனசார நம்புகிறவர்கள். அவர்களுக்குக் கைதட்டல் பதிலாகாது.

சம்மட்டியைத் தடுக்க வருகிற வாதங்கள் இரண்டு. ஒன்று சொத்துரிமைக்காரர்களுடையது. அமெரிக்காவில் முர்ரே ராத்பார்ட், ராபர்ட் நோசிக் போன்றவர்கள் வளர்த்த சுதந்திரவாதம் அது. யாரும் இன்னொருவர் உடல் மீதோ உடைமை மீதோ முதலில் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது. முதலில் கை ஓங்கியவனைத் தடுக்க மட்டுமே பலம் செல்லும். அரசுக்கும் இதே விதிதான். நம்மூரில் இதற்குக் கிட்டத்தில் வந்தது ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி. (அதே ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று இதே திருச்சியிலிருந்துதான் வேதாரண்யத்துக்கு உப்புச் சட்டத்தை மீற நடந்தார். அது அகிம்சை என்றே பாடப் புத்தகத்தில் ஏறியது.) இன்னொரு வாதம் தல்ஸ்தோய் போன்ற கிறித்தவ அமைதிவாதிகளுடையது. முதலில் அடித்தவனைக்கூடத் திருப்பி அடிக்காதே என்பது.

இரண்டும் ஒத்துப்போகுமா? மேலோட்டமாகப் பார்த்தால் போகும். முன்னது தற்காப்பை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அந்த உரிமையை ஒருவர் விசுவாசத்தால் விட்டுக்கொடுக்கலாம். முட்டல் வருவது சொத்தில். சொத்துக்கு வேலி, வேலிக்குப் போலீஸ், போலீசுக்குத் துப்பாக்கி. சுதந்திரவாதி அந்தத் துப்பாக்கியைத் தற்காப்பு என்பார். தல்ஸ்தோய் அதையும் வன்முறை என்றார். அதனால்தான் ராணுவத்தோடு நிலவுடைமையையும் சேர்த்து மறுத்தார். ‘நிலம் எங்களுடையது, சுவரும் எங்களுடையது’ என்று ஒரு சாதி சொல்லும்போது அதற்குத் துணை போவது முதல் வாதம்தான், மலைப்பொழிவு அல்ல. நம் விசுவாசிகள் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

‘முதலில்’ என்கிற சொல்லில்தான் சூது இருக்கிறது. கடிகாரத்தை எந்த நேரத்தில் ஓடவிடுவது? பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1892இல், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு, நிலமற்ற நம் முன்னோருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். பிறர் வாங்க முடியாது என்கிற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அது எப்படிக் கைமாறியது என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. அதை மீட்கக் கரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இங்கே முதலில் பலத்தைப் பிரயோகித்தவர் யார்? நோசிக்கே தன் 1974ஆம் வருஷத்து நூலில், அநியாயமாக வந்த உடைமை நேர்செய்யப்பட வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். எப்படி நேர்செய்வது என்பதைத்தான் விரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். நமக்கு வேண்டியதோ அந்தப் பக்கம்தான்.

சரி, மறு கன்னம்? வால்டர் விங்க் என்கிற அமெரிக்க இறையியலாளர் ஒரு விளக்கம் தருகிறார். மத்தேயு ‘வலது கன்னம்’ என்று குறித்துச் சொல்கிறார். வலது கையால் ஒருவரை வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். அது சண்டைக்காரனை அடிக்கிற அடி இல்லை, அடிமையை அவமதிக்கிற அடி. இடது கன்னத்தைக் காட்டுவது, ‘அடிக்கிறதுன்னா என்னைச் சமமா வச்சு அடி’ என்று நிமிர்ந்து நிற்பது. எல்லா விவிலிய அறிஞர்களும் இதை ஏற்பதில்லை. ஆனால் சேரியில் வளர்ந்தவருக்கு அந்தப் புறங்கை அடியை யாரும் விளக்கத் தேவையில்லை. தவிர, விசாரணையின்போது காவலன் அறைந்ததும் ஏசு மறு கன்னத்தைக் காட்டவில்லை; ஏன் அடித்தாய் என்று கேட்டார். யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

அம்பேத்கர் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு எழுதும்போது, பலம் ஆற்றலாக வேலை செய்வதையும் வன்முறையாக வேலை செய்வதையும் பிரிக்கிறார். நீதி கேட்டால் புத்தர் பலத்தை விலக்கவில்லை என்பது அவர் வாசிப்பு. 1927 மார்ச்சில் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் வந்து தாக்கினார்கள். திருப்பி அடிக்கத் துடித்த நம்மவர்களை அவர்தான் அடக்கினார். குளத்தில் இறங்கியதையோ அவர் ஒருநாளும் தப்பென்று சொல்லவில்லை.

இப்போது எனக்கு நானே வைத்துக்கொள்கிற சோதனை ஒன்று. காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் 2006 டிசம்பர் 7 அன்று, திறப்பு விழாவுக்கு முன்பே, பெரியார் சிலையின் தலையை உடைத்தார்கள். கல்லும் சுண்ணாம்பும் உடைவது வன்முறை இல்லையென்றால் அதுவும் இல்லைதானே? என் பதில் இது: அந்தச் சிலை யாரையும் அடைக்கவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர் போய்க்கொண்டுதான் இருந்தார். கல்லறைச் சுவரோ நின்றாலே வேலை செய்கிறது. ராத்திரி பகல் ஓயாமல் ஒரு கூட்டத்தைத் தாழ்த்திக்கொண்டே இருக்கிறது. சிலை உடைப்புக்குப் பதிலாகச் சில ஊர்களில் கோயில்களைத் தாக்கியதை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அது வஞ்சம் தீர்த்தது.

உத்தப்புரத்தில் 2008 மே 6 அன்று சுவரில் வழி திறந்தது அரசாங்கம். அரசு செய்தால் நிர்வாக நடவடிக்கை, தோழர்கள் செய்தால் வன்முறை. சம்மட்டி என்னமோ ஒன்றுதான்.

அதற்காகப் பலம் என்றாலே ஆற்றல்தான் என்றும் நான் சொல்ல வரவில்லை. அதே 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வெடித்த மோதலில் போலீஸ் சுட்டது. செத்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். அந்தச் சாவால் நம் கோரிக்கை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்திருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அமைதிவாதி கடைசியாக ஒன்று கேட்பார்: சம்மட்டி ஓங்கும்போது ஒருவன் குறுக்கே வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றால்? நியாயமான கேள்வி. தற்காப்பு வாதத்தை மட்டும் வைத்திருப்பவர் அவனைத் தள்ளிவிடச் சொல்வார். நான் சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்வேன். பட்டப்பகலில், பெயர் சொல்லி, கைதாகத் தயாராகப் போனவர்கள் நாளைக்கும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். குறுக்கே நிற்பவனின் தாத்தா அந்தப் பக்கத்தில் புதைந்திருக்கலாம். அந்தக் கல்லறையில் ஒரு கல்கூடப் பெயரக் கூடாது. சுவர் போன பிறகு அதற்கும் சேர்த்து நாமே மெழுகுவத்தி வாங்கிப் போவோம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில்.