கேட்டும் கேளாமை

ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. ஸ்ரீ இஸ்கந்தார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் என்று ஊர்களைக் கடந்து கடலோரத்தில் போய் முடிகிறது. ஒரு காலத்தில் வரிசை வரிசையாகப் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனைகளே நிற்கின்றன. பங்கோர் தீவுக்குப் படகேறப் போகிறவர்களும், தெலுக் பாத்தேக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும், கடற்படைத் தளத்தில் பணிபுரிவோரும் இச்சாலையில்தான் விரைகின்றனர். கூட்டரசுச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஈப்போ நகரின் நெரிசலில் ஊமையாய் ஊர்ந்து வந்த பழைய கார், அந்த 90ஐ நெருங்கும்போதுதான் வாய் திறக்கிறது. அடியிலிருந்து ஒரு முனகல் எழுகிறது. வேகம் கூடக் கூட அது ரீங்காரமாகிறது. வேகம் குறைந்தால் அடங்கிவிடுகிறது.

அவ்வோசையைக் கேட்ட மாத்திரத்தில் மனிதர் என்ன செய்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் வானொலியின் ஒலியைக் கூட்டுகிறார். இன்னொருவர், "சாலை சரியில்லை" என்று தமக்குத் தாமே சொல்லிக் கொள்கிறார். மூன்றாமவர் வேகத்தை 70க்கு இறக்கிக் கொண்டு நிம்மதியடைகிறார். முதலிருவரின் செயல் வெளிப்படையான ஏமாற்று. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றாமவருடையதுதான் நுட்பமானது. ஏனெனில் அது விவேகத்தின் உடையை அணிந்திருக்கிறது. மெதுவாகச் செல்பவரை யார் குறை கூற முடியும்? ஆயினும் அவர் குறைத்தது குறைபாட்டையன்று. அதைத் தாம் கேட்கும் வாய்ப்பைத்தான். சக்கரத்துக்குள் நடப்பது 70லும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.

கேட்ட ஒன்றைக் கேளாததாக ஆக்கிக் கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பதே இங்கு எழும் வினா. அதற்கு விடை தேடுமுன், அந்த ஓசை அறியக்கூடியதுதானா என்று பார்த்துவிட வேண்டும். அறியவே முடியாத ஒன்றை அறியவில்லை என்று எவரையும் குற்றம் சாட்டுதல் நீதியாகாது.

உண்மையில் அது மிக எளிதாக அறியத்தக்கது. வேகத்தில் எழும் ஓசை இயந்திரத்தைச் சார்ந்ததா, சக்கரத்தைச் சார்ந்ததா என்பதே முதற் கேள்வி. வாகனம் இல்லாத நேரான சாலையில் கிளட்சை மிதித்து, இயந்திரத்தின் சுழற்சி தணிய விட்டு, வண்டியைச் சற்றே தானாக ஓடவிட்டால் விடை கிடைத்துவிடும். ஓசையும் இயந்திரத்தோடு தணிந்தால் கோளாறு அங்கே. தணியாமல் தொடர்ந்தால் அது சக்கரம், டயர் அல்லது காற்றின் வேலை. காற்றின் சீழ்க்கை பெரும்பாலும் கதவின் ரப்பர் விளிம்பிலிருந்து வருவது. எதிர்க்காற்றில் கூடும், பின்காற்றில் குறையும். டயரின் ஓசை சாலையின் மேற்பரப்பைப் பொறுத்து மாறும்: பழைய கரடுமுரடான தாரில் இரையும், புதிதாகத் தாரிட்ட பகுதியில் மெலியும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் ஓசையும் கூடவே பின்னுக்குப் போய்விடும். இவை எதற்கும் மாறாமல் ஒரே சீராய் உறுமுவது பேரிங்கின் இயல்பு. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரங்களின் மேல் சாய்கிறது; அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும் ஐயுறலாம். பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் இரு கைகளால் பற்றி ஆட்டிப் பார்த்து, ஒரு கையால் சுழற்றி மறு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்தால், உள்ளே உருளைகள் அரைபடுவது விரலுக்கே தெரியும்.

அதிர்வு மட்டும் வேறு வகை. குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைத் தாண்டியதும் மறைவது அதன் வழக்கம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. எடை சமன் குலைந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உதை கொடுக்கிறது. அந்த உதையின் தாளமும், சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஊஞ்சலைத் தக்க கணத்தில் தள்ளும் குழந்தைக்கு இந்த விதி தெரியும். படித்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை உடலுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தோட்டத்துப் பட்டறைகளில் கைகறுத்த பழைய மெக்கானிக்குகள் நன்கறிவர். நீளமான திருப்புளியின் முனையை இயந்திரத்தின் உடம்பில் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கண்மூடிக் கேட்கும் அவர்களுக்கும், மார்பில் குழல் வைக்கும் மருத்துவருக்கும் தொழிலில் வேறுபாடு உண்டே தவிர முறையில் இல்லை.

ஆக, பத்து நிமிடமும் சிறிது கவனமும் செலவிட்டால் அறியக்கூடிய ஒன்றை அறியாமல் இருப்பது எத்தகையது? 1877ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட், நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். குடியேறிகளை ஏற்றிச் செல்ல வேண்டிய கப்பல், பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. அது கடலுக்கு ஏற்றதுதானா என்ற ஐயம் முதலாளிக்கு எழுகிறது. சோதித்தால் பெருஞ்செலவு. எத்தனையோ புயல்களைக் கடந்து வந்த கப்பல் இம்முறையும் கடந்துவிடும் என்று எண்ணி, இறைவன் காப்பான் என்றும் நம்பி, மெல்ல மெல்ல ஐயத்தை அடக்கிவிடுகிறார். மனப்பூர்வமாகவே நம்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக் கொள்கிறார். ரஜூலா போன்ற கப்பல்களில் குடும்பத்தோடு வந்திறங்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு இந்த உவமையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

கிளிஃபர்டின் தீர்ப்பு கடுமையானது. அவர் உண்மையாக நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது. அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமையில்லை. இன்னொரு படியும் மேலே செல்கிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே, அகப்படாத குற்றவாளி, அவ்வளவுதான். இந்தத் தீர்ப்பைக் கேட்டு முகம் சுளிக்காதவர் அரிது. பத்து ஆண்டுகள் முனகலோடு ஓட்டி ஒரு விபத்தும் நேராதவர், "நேரவில்லையே" என்றுதான் கேட்பார். நேராமை அவருடைய செயலன்று என்பதே கிளிஃபர்ட் கூறும் விடை.

மறுப்பும் உண்டு. 1896இல் அமெரிக்க மெய்யியலார் வில்லியம் ஜேம்ஸ், சான்று கிடைக்கும் வரை எதையும் நம்பாதிருத்தல் சில வேளைகளில் வாழ்வையே நிறுத்திவிடும் என்று வாதிட்டார். அவர் நட்பையும் சமய நம்பிக்கையையும் போன்றவற்றைக் கருதினார். அங்கே நம்பிக்கையே உண்மையை உண்டாக்க வல்லது. ஒருவரை நண்பர் என்று நம்பி நடந்தால் அவர் நண்பராகவே ஆகிவிடக் கூடும். பேரிங் அப்படிப்பட்ட பொருளன்று. அதை எவ்வளவு நம்பினாலும் அதில் எண்ணெய்ப் பசை ஊறப் போவதில்லை.

எனினும் ஜேம்ஸின் மறுப்பில் ஏற்கத்தக்கதொரு கூறு உள்ளது. ஒவ்வோர் ஓசைக்கும் வண்டியை நிறுத்திக் கொண்டிருப்பவன் லூமுட் போய்ச் சேரமாட்டான். காரில் எழும் ஓசைகளுள் பல தீங்கற்றவை. தேய்ந்த டயரின் இரைச்சல் எரிச்சலூட்டுமே அன்றி உடனே ஆளைக் கொல்லாது. அச்சப்படுவது கடமை என்று யாரும் சொல்லவில்லை. வினவுவதுதான் கடமை; அந்தக் கடமையும் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. வினவுதல் எவ்வளவு எளிதோ, அசட்டையால் பாதிக்கப்படுவோர் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு அது கனக்கிறது. தனியே செல்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதாகக் கூறிக் கொள்ளலாம். அதுவும் முழு உண்மையன்று. எதிரே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து கொண்டிருக்கிறார்.

அசட்டை எத்துணை மரியாதையான உருவம் எடுக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியில் நிகழ்ந்த பேரிடர் ஒன்று சான்று. 1998 ஜூன் 3ஆம் நாள், மூனிக்கிலிருந்து ஹாம்பர்க் நோக்கி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற விரைவு இரயில் எஷெடெ என்னும் சிற்றூரருகே தடம் புரண்டு, பாலத்தின் தூண்களில் மோதியது. பாலம் பெட்டிகளின் மேல் இடிந்து விழுந்தது. 101 பேர் மாண்டனர். காரணம் ஒரே ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தின் வரலாறே ஓர் ஓசையில் தொடங்குகிறது.

அவ்வகை இரயில்களுக்கு முதலில் ஒரே வார்ப்பாக அமைந்த எஃகுச் சக்கரங்களே பொருத்தப்பட்டன. வேகம் கூடியபோது அவை அதிர்வையும் இரைச்சலையும் எழுப்பின. உணவுப் பெட்டியில் அது மிகுதியாகத் தெரிந்தது. பயணிகளின் வசதி கருதி, எஃகு வளையத்துக்கும் உட்சக்கரத்துக்கும் இடையே ரப்பர் பட்டை வைத்த புதுச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. மெதுவாகச் செல்லும் டிராம் வண்டிகளில் அத்தகைய சக்கரங்கள் நன்றாகவே உழைத்திருந்தன. ரப்பர் தன் கடமையைச் செய்தது; ஓசை அடங்கியது. ஆனால் ரப்பரின் மேல் அமர்ந்த வெளி வளையம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே நசுங்கி விரிந்து, பல இலட்சம் சுற்றுகளில் களைத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத உட்பக்கத்திலே விரிசல் கண்டது. ரப்பருக்குப் பேர் போன பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் படிக்கையில் மனம் சற்றே தடுமாறும்; தவறு பாலின் மேலன்று, அதைக் கொண்டு ஓசையை மூடியவர்களின் மேல்தான்.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. ஹனோவர் நகரின் டிராம் நிறுவனம் தன் சக்கரங்களில் விரிசல்களைக் கண்டு 1997இல் மற்றவர்களுக்கும் தெரிவித்தது. பழுதுற்ற அதே சக்கரம் இருந்த பகுதியில் ஓசையும் அதிர்வும் உள்ளதாக, விபத்துக்கு முந்தைய இரு மாதங்களில் இரயில் ஊழியர்களே எட்டு முறை முறையிட்டிருந்தனர். முறையீடுகள் பதிவாயின. சக்கரம் மாற்றப்படவில்லை.

அன்று எஷெடெக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே வளையம் உடைந்து, முதற் பெட்டியின் தரையைத் துளைத்துக் கொண்டு இருக்கைகளுக்கிடையே மேலெழுந்தது. அதைக் கண்ட பயணி ஒருவர் தம் குடும்பத்தாரை அங்கிருந்து அகற்றிவிட்டு, இரயில் அதிகாரியைத் தேடிச் சென்று சொன்னார். அவசர நிறுத்தத்தை அதிகாரி உடனே இழுக்கவில்லை; தாமே நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே நிறுத்த வேண்டும் என்பது விதி என்றார். இருவரும் பார்க்கச் சென்று கொண்டிருந்தபோது இரயில் தடம் புரண்டது.

இந்த அதிகாரியை என்னென்று சொல்வது? அவர் சோம்பேறியல்லர், உடனே எழுந்து சென்றார். சான்று தேடினார், கிளிஃபர்ட் கேட்டதும் அதைத்தானே? இங்கேதான் வேறுபாட்டைக் கூர்மையாகக் காண வேண்டும். ஐயத்தை அடக்கிக் கொள்ளச் சான்று வேண்டும். ஐயத்தின் பேரில் நிறுத்துவதற்குச் சான்று வேண்டியதில்லை. வீணாக நிறுத்திய இரயில் சில நிமிடம் தாமதிக்கும். நிறுத்தாத இரயிலின் கணக்கு வேறு. இந்த ஏற்றத்தாழ்வை மறந்து, இரு பக்கத்துக்கும் ஒரே தராசைப் பிடிப்பதை நடுநிலைமை என்று எண்ணுவது அலுவலகங்களின் பொதுவான நோய். ஆயினும் குற்றத்தின் பெரும்பங்கை அவர் தலையில் சுமத்துவது நேர்மையன்று. அவருக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். எட்டு முறையீடுகளையும் படித்தவர்களுக்குக் கிடைத்தவை இரு மாதங்கள். பின்னர் மூன்று பொறியாளர்கள் மீது தொடரப்பட்ட வழக்கு, 2003இல் ஆளுக்குப் பத்தாயிரம் யூரோ செலுத்தும் ஏற்பாட்டோடு நிறுத்தப்பட்டது. தீர்ப்பென்று ஒன்று வழங்கப்படவே இல்லை.

பெரிய நிறுவனத்துக்கு விசாரணைக் குழுவேனும் அமையும். சொந்தக் காருக்கு எவரும் அமைப்பதில்லை. மலேசியாவில் லாரியும் பேருந்தும் காலந்தோறும் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்கின்றன. சொந்த உபயோகத்துக்கான காருக்கு அத்தகைய வழக்கமான சோதனை கிடையாது. எனவே அந்தக் காரின் ஒரே பரிசோதகர் அதை ஓட்டுபவரின் காதுதான். அந்தக் காதுக்கு உரியவரே செலவுக்கும் உரியவராக இருப்பது சங்கடமான ஏற்பாடு. நீதிபதியும் எதிரியும் ஒருவரேயான வழக்கு எப்படி முடியும் என்பது தெரிந்ததே.

பட்டறைக்காரர்களின் பங்கையும் கூறாமல் விடலாகாது. ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது "தெரியவில்லை, ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்பவர் நேர்மையானவர். தெரியாமலே ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக் கொண்டு போகிறவரிடம் வாடிக்கையாளர் நம்பிக்கையை இழக்கிறார். இழந்த பின், அடுத்த முறை உண்மையைச் சொல்பவரையும் நம்புவதில்லை. பலர் வானொலியைக் கூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றினும் கடினமான நிலை, அந்தக் காரை விற்கும்போது வருகிறது. வாங்க வந்தவரை ஏற்றிக் கொண்டு லூமுட் படகுத்துறை வரைக்கும் போய்த் திரும்பினால் வேகம் 60ஐத் தாண்டாது. கார் வாய் திறக்காது. "ஏதும் கோளாறு உண்டா, அண்ணே?" என்று கேட்கப்படும்போது, "நீங்களே ஓட்டிப் பாருங்க, தம்பி" என்று சொல்லப்படுகிறது. அச்சொற்களில் ஒரு பொய்யும் இல்லை. இல்லாத பொய்யை நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. ஆனால் எந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தவர் இருவருள் ஒருவர்தான். அவர்தான் தெருவையும் தேர்ந்தெடுத்தார்.

"சித்தியவானைத் தாண்டி, நேர்ச்சாலை வருகிற வரைக்கும் ஓட்டிப் பாருங்க, தொண்ணூறில் ஒரு சத்தம் வரும்" என்று கூடவே சொல்லிவிடுபவருக்கு விலையில் சில நூறு வெள்ளி குறையும். பேரிங்கின் விலையும் அதைப் பொருத்தும் கூலியும் ஏறத்தாழ அவ்வளவுதான்.